பழவேற்காட்டைக் கட்டிக்கொண்டவர்கள்

மெக்சிகோவின் எந்த ஊர்ச் சந்தையிலும் 'பலியகாத்தே' என்று கேட்டால் கடைக்காரர் ஒரு சதுரத் துணியை எடுத்துப் போடுவார். பெரும்பாலும் சிவப்பு, அதன் மேல் வெள்ளையிலும் கறுப்பிலும் மாங்காய் உருக்கள் அச்சிட்டிருக்கும். உழவர்கள் கழுத்தில் முடிந்துகொள்வதும், நாட்டுப்புற ஆட்டக்காரர்கள் கையில் பிடித்து வீசுவதும் அதுதான். மலேசியாவில் 'காயின் பெலிகாட்' என்றால் கட்டம் போட்ட கைலி. வீட்டில் ஓய்வாக இருக்கும்போதும் பள்ளிவாசலுக்குப் போகும்போதும் ஆண்கள் உடுத்துவது. மியான்மரில் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட பருத்தி லுங்கிக்கு 'பலேகட்' என்று பெயர். சொல்லின் கடைசி மெய்யை அவர்கள் வாய்க்கு வெளியே விடாமல் தொண்டையிலேயே நிறுத்திவிடுவார்கள். இலங்கையில் 'பலயகாட் சாரம்' என்பார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பக்கத்துத் தறிகளில் நெய்த வண்ணக் கைக்குட்டைக்கு 'புல்லிகேட்' என்று பெயர்.

இவை அத்தனையும் ஒரே ஊரின் பெயர். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த ஊர்: பழவேற்காடு.

இன்று அங்கே போகிறவர்கள் ஒரு மீனவர் பேரூரைத்தான் பார்ப்பார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், லைட்ஹவுஸ்குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம் என்று ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் குப்பங்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஆழம் குறைவு, பல இடங்களில் இடுப்பளவுதான். ஆரணியாறும் காளங்கியும் மழைக்காலத்தில் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். மற்ற மாதங்களில் கடல் உள்ளே வந்து போகும். இந்தக் கலப்பில்தான் இறால் வளர்கிறது. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் சுத்துவலை கட்டுவது என்பதை ஊரே முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாடு இந்தக் குப்பங்களில் தலைமுறைகளாக இருந்துவருகிறது. இருளர் பெண்கள் நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலை, படகு, ஏலம், ஐஸ் பெட்டி என்று எல்லாமே மீனைச் சுற்றித்தான். உலகின் பாதி தூரத்துக்குத் துணியை அனுப்பிய துறைமுகம் இது என்பதற்கு ஊருக்குள் அதிக அடையாளம் கிடையாது. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கற்கள் நிற்கின்றன. தொல்லியல் துறை அதைக் காத்துவருகிறது. கோட்டை நின்ற இடம் புதர் மண்டிய மேடு. ஆனால் நெசவாளிகளுக்கு ஒரு கல்கூட இல்லை. அவர்கள் விட்டுப்போன தடயம் பிற மொழிகளுக்குள் போய்ப் பதுங்கியிருக்கிறது. மொழியியல் என்ற அறிவியலைக் கொண்டு அதைத் தோண்டி எடுக்கலாம்.

முதலில் ஊர்ப் பெயர். பழ, வேல், காடு என்று பிரித்தால் போதும்: பழைய வேலமரக் காடு. வேல் என்பதன் லகரம் ககரத்துக்கு முன்னால் றகரமாகி 'வேற்காடு' ஆகிறது. சென்னைக்கு மேற்கே இருக்கும் திருவேற்காட்டிலும் இதே காடுதான். அந்தக் கோயிலின் தலமரம் வெள்வேல். உப்புக்காற்றும் மணலும் உள்ள கரையில் முள்மரக் காடு இருந்தது என்பதில் வியப்பில்லை.

இதை யாரும் எழுத்தில் உள்ளபடி உச்சரிப்பதில்லை என்பது முக்கியம். 'விற்க' என்பது பேச்சில் 'விக்க' ஆகிறது, 'நிற்க' என்பது 'நிக்க' ஆகிறது. அப்படியே ஊர்க்காரர் வாயில் 'பழவேக்காடு'. போர்த்துகீசியர் வந்து இறங்கியபோது அவர்களுக்கு ஏட்டுத் தமிழ் தெரியாது. படகோட்டியும் தரகரும் பேசியதைத்தான் கேட்டு எழுதிக்கொண்டார்கள். துவார்த்தே பார்போசா என்ற போர்த்துகீசியர் 1516-ஐ ஒட்டி எழுதிய நூலில் இந்த ஊர் 'பலெயகாத்தே' என்று இருக்கிறது. றகரம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியதில்லை, பேச்சிலேயே அது இல்லை. நடுவில் இருந்த வகரம் மெல்லிய ஒலி. அது கரைந்ததும் இரண்டு உயிர்கள் முட்டிக்கொண்டன. முட்டும் உயிர்களுக்கு நடுவே யகரம் வந்து நிற்பதை நாம் உடம்படுமெய் என்று இலக்கணத்தில் படித்திருக்கிறோம். அந்த யகரத்தைத்தான் இலங்கையின் 'பலயகாட்' இன்னும் வைத்திருக்கிறது. 'காடு' என்பதன் கடைசி உகரம் குற்றியலுகரம், அரை மாத்திரைதான். அயலார் காதில் அது விழவே இல்லை. ஆற்காடு 'ஆர்காட்' ஆனதும் பாலக்காடு 'பால்காட்' ஆனதும் இப்படித்தான்.

மிஞ்சியது ழகரம். நாக்கின் நுனியை மேலண்ணத்துக்குக் கீழே வளைத்து, தொடாமல் விடும் இந்த ஒலி ஐரோப்பிய மொழிகளில் பெரும்பாலும் இல்லை. இல்லாத ஒலியைக் கேட்கும் காது, தன்னிடம் இருப்பவற்றில் நெருங்கியதைத் தேர்ந்துகொள்ளும். அந்தத் தேர்வு ஒரே மாதிரி அமைவதும் இல்லை. பழவேற்காட்டின் ழகரம் லகரம் ஆயிற்று. சோழமண்டலத்தின் ழகரமோ ரகரமாகி 'கொரமாண்டல்' ஆயிற்று. ஒரே கரை, ஏறத்தாழ ஒரே காலம், ஒரே எழுத்து, ஆனால் இரண்டு விதமான காது. பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் கரிமணல் என்று ஒரு குப்பம் இருக்கிறது. ஆங்கிலேயர் சிலர் அதையும் 'கொரமாண்டல்' என்றே உச்சரித்தார்கள். அதனால் கரைக்கே அந்தக் குப்பத்தின் பெயர்தான் வந்தது என்று ஒரு விளக்கம் கிளம்பியது. அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. ஓர் அரசின் பெயர் ஒரு கரைக்கு வருவது இயல்பு. ஆனால் ஒலி ஒத்துப்போனால் எந்தக் கதையும் நம்பத்தக்கதாகிவிடும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு மெக்சிகோவில் காத்திருக்கிறது.

ஊர்ப் பெயர் எப்படித் துணியின் பெயர் ஆயிற்று? நம் இலக்கணத்தில் இதற்குப் பெயர் உண்டு. இடவாகுபெயர்: இடத்தின் பெயர் அந்த இடத்துப் பொருளுக்கு ஆகிவருவது. 'சின்னாளப்பட்டி கட்டியிருக்கிறாள்' என்றால் அவள் ஊரைக் கட்டவில்லை, சேலையைக் கட்டியிருக்கிறாள். துணிக்கு இந்த ஆகுபெயர் உலகெங்கும் வழக்கம். கோழிக்கோட்டிலிருந்து 'காலிகோ', மொசூலிலிருந்து 'மஸ்லின்', பிரான்சின் நீம் நகரிலிருந்து 'டெனிம்', டமாஸ்கசிலிருந்து 'டமாஸ்க்'. நெசவின் நுணுக்கம் ஊருக்கு ஊர் வேறுபட்டது. வாங்குகிறவர் துணியைத் தடவிப் பார்த்து ஊரைச் சொன்னார். ஊர்தான் அந்தக் காலத்துத் தர முத்திரை.

பழவேற்காட்டின் முத்திரை என்னவென்றால் கட்டம். இதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். அச்சுத்துணியில் வெள்ளைத் துணியை நெய்துவிட்டு மேலே வண்ணம் ஏற்றுவார்கள். ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கியும் இருக்கும். கட்டத்துணி அப்படி இல்லை. நூலை முதலிலேயே சாயம் தோய்த்து, பாவில் சிவப்பு இத்தனை இழை, வெள்ளை இத்தனை இழை, நீலம் இத்தனை இழை என்று எண்ணிப் பூட்டி, ஊடையிலும் அதே எண்ணிக்கையில் நாடாவை மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். சிவப்புப் பாவும் சிவப்பு ஊடையும் சந்திக்கும் இடம் முழுச் சிவப்பு. சிவப்பும் வெள்ளையும் சந்திக்கும் இடம் கண்ணுக்கு இளஞ்சிவப்பு. இரண்டு நிற நூலிலேயே மூன்று நிறம் கிடைத்துவிடுகிறது. துணிக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற பேதமே இல்லை. தலையில் சுற்றி முடிந்தாலும் கழுத்தில் முறுக்கிக் கட்டினாலும் எந்தப் பக்கம் தெரிந்தாலும் ஒன்றுதான். தலைத்துணியாகவும் இடுப்புத்துணியாகவும் இது உலகைச் சுற்றியதற்கு இந்த எளிய பண்பு ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். கைக்குட்டைகளைத் தனித்தனியாக நெய்யவில்லை. நீளத் துணியில் ஒரு சதுரம், கரை, அடுத்த சதுரம், கரை என்று வரிசையாக நெய்து, துணியாகவே கட்டி ஏற்றினார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் அறுத்துக்கொண்டார்கள். அறுக்காமல் உடுத்தியவர்களும் உண்டு. ஒரே சொல் ஓரிடத்தில் கைக்குட்டையாகவும் வேறிடத்தில் கைலியாகவும் பொருள்படுவதன் வேர் இந்தத் தறியிலேயே இருக்கிறது.

அடுத்தது சிவப்பு. பருத்தி எளிதில் சாயம் ஏற்காத நார். சாயத்தில் தோய்த்து எடுத்து நீரில் அலசினால் போய்விடும். சோழமண்டலக் கரையின் சாயக்காரர்கள் இதற்கு வழி வைத்திருந்தார்கள். கடற்கரை மணலில் வளரும் இம்பூறல் என்ற சிறு செடியின் வேரைச் சாயவேர் என்பார்கள். அதில் அலிசரின் என்ற சேர்மம் இருக்கிறது. அந்த மூலக்கூறின் ஒரு முனையில் ஆக்சிஜன் அணுக்கள் நெருங்கி அமைந்திருக்கின்றன. அலுமினியம் போன்ற உலோக அயனி கிடைத்தால் அவை அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது. நூலை முதலில் எண்ணெயிலும் ஆட்டுப் புழுக்கைக் கரைசலிலும் காரநீரிலும் பலமுறை பிசைந்து காயவைத்து, பிறகு படிகாரம் ஏற்றி, பிறகு சாயவேர் நீரில் கொதிக்கவைப்பார்கள். நாரும் அலுமினியமும் அலிசரினும் பிணைந்து, நீரில் கரையாத ஒரே பொருளாகிவிடும். இப்படி இடையில் நின்று பிடித்துக்கொடுக்கும் பொருளை நிறமூன்றி என்கிறோம். கால்சியமும் சேர்ந்தால் சிவப்பு இன்னும் ஆழமாகும். படிகாரமில்லாமல் இரும்பை ஊன்றினால் அதே வேர் ஊதாவும் கருமையும் தரும். வேதியியல் பெயர்கள் எதுவும் தெரியாத காலத்தில், தோய்த்துத் தோய்த்துப் பார்த்து இந்த வரிசையை அவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். துவைக்கத் துவைக்க வெளுக்காத சிவப்பு என்ற புகழ் அந்தத் துணிக்கு இப்படி வந்ததுதான். சொல் நிலைத்ததற்குச் சாயம் நிலைத்ததும் ஒரு காரணம். வெளுத்துப்போகிற துணியின் பெயரை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

துணி முதலில் போனது கிழக்கே. பார்போசா எழுதும்போதே பழவேற்காட்டு வண்ணத்துணிகளுக்கு மலாக்காவிலும் பெகுவிலும் சுமத்திராவிலும் நல்ல விலை. 1609-ஐ ஒட்டி டச்சு கிழக்கிந்திய நிறுவனம் இங்கே பண்டகசாலை வைத்தது. போர்த்துகீசியர் அதைத் தாக்கி அழிக்க, டச்சுக்காரர்கள் 1613-இல் ஜெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையின் டச்சு வணிகத்தை இந்தக் கோட்டையிலிருந்துதான் நிர்வகித்தார்கள். அவர்கள் இங்கே துணி வாங்கியதன் நோக்கம் வேறு. பாண்டா தீவுகளின் சாதிக்காயும் மலுக்குத் தீவுகளின் கிராம்பும் வேண்டும். அங்கிருந்தவர்கள் வெள்ளியைவிடத் துணியை விரும்பிக் கேட்டார்கள். எந்தத் தீவில் எந்தக் கட்டம் விலைபோகும், எந்தச் சிவப்பை ஒதுக்குவார்கள் என்று குறிப்பெழுதி அனுப்பி அதன்படி நெய்யச் சொன்னார்கள். அதே கப்பல்கள் மனிதர்களையும் ஏற்றின. பஞ்ச காலங்களில் தங்களையும் பிள்ளைகளையும் விற்க வேண்டிய நிலைக்கு வந்தவர்களை விலைக்கு வாங்கி, பழவேற்காட்டிலிருந்து ஜாவாவின் பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோனார்கள். துணியின் பெயர் அகராதிகளில் ஏறி நிற்கிறது. அந்த மனிதர்களின் பெயரோ ஊரோ எந்தச் சொல்லிலும் இல்லை. இந்த வரலாற்றைத் துணியின் அழகோடு மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

மலாய் மொழியில் 'பெலிகாட்' என்று நின்ற சொல்லை 'பெலெகாட்' என்றும் சொல்வதுண்டு. மலாயில் 'லெகாட்' என்றால் ஒட்டுதல். 'பெலெகாட்' என்றால் ஒட்டும் பொருள், சுவரொட்டி. ஒரே ஒலி, இரண்டு தனித்தனிச் சொற்கள். புதிதாகக் கற்கிறவர்கள் இடுப்பில் ஒட்டிக்கிடப்பதால் இந்தப் பெயரோ என்று நினைப்பது இயல்பு. பொருள் தெரியாத அயற்சொல் ஒரு மொழிக்குள் வந்தால், அந்த மொழி தன்னிடம் இருக்கும் வேர் ஒன்றோடு அதைச் சேர்த்துவிடப் பார்க்கும். இதை மக்கள் சொற்பிறப்பு என்பார்கள். பேசுகிறவர்களின் அறியாமை என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. சொற்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று நம்பியே மனித மூளை மொழியைக் கற்கிறது. தொடர்பு இல்லாத இடத்திலும் அது தேடிக்கொண்டே இருக்கும். மலாய்க் கைலியில் கட்டம் மாறிவரும் பட்டையை 'கெபாலா' என்கிறார்கள், தலை என்று பொருள். நாம் சேலையில் 'தலைப்பு' என்கிறோம். துணிக்குத் தலை உண்டு என்று இரு கரைக்காரர்களும் நினைத்திருக்கிறார்கள்.

மெக்சிகோவுக்குத் துணி போன வழி இன்னும் நீளம். 1565 முதல் 1815 வரை, இரண்டரை நூற்றாண்டு, மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் பசிபிக்கைக் கடந்து போய்வந்தன. சீனப் பட்டுதான் முதன்மைச் சரக்கு. இந்தியப் பருத்தியும் கூடப் போயிற்று. மணிலாவில் ஸ்பானியர் மற்ற ஐரோப்பியரை எளிதில் அனுமதிக்கவில்லை. ஆகவே சென்னையின் ஆங்கிலேய வணிகர்கள் ஆர்மேனியரின் பெயரிலும் ஆசியரின் பெயரிலும் கப்பல் அனுப்பினார்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-இல் மர்மலாங் பாலத்தைக் கட்டிக்கொடுத்து, பரங்கிமலைக்குப் படிகள் அமைத்த ஆர்மேனியர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான், மணிலா வணிகத்தில் பொருள் சேர்த்தவர். சோழமண்டலத் துணி மணிலா போய், அங்கிருந்து பசிபிக்கைத் தாண்டி அகாபுல்கோ சந்தையில் இறங்கியது. 'பலியகாத்தே ஊர்க் கைக்குட்டை' என்ற நீளமான ஸ்பானியத் தொடரில் கைக்குட்டை உதிர்ந்து, ஊர் மட்டும் நின்றது. ஸ்பானிய அகராதிகள் சொல்லும் பிறப்பும் இதுதான்.

மெக்சிகோவில் பலர் வேறு கதை சொல்வார்கள். அது அவர்களுடைய பழைய மொழியான நாவாட்டலின் சொல் என்பார்கள். 'த்லபல்லி' என்றால் சாயம், நிறம். 'யகத்ல்' என்றால் மூக்கு. இரண்டும் சேர்ந்து மூக்குக்கான வண்ணத்துணி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவர்கள் ஏன் இதை நம்புகிறார்கள் என்பதும் புரிகிறது. நாவாட்டலின் 'த்ல்' ஈறு மெக்சிகோ ஸ்பானியத்தில் 'தே' என்று மாறும். தக்காளியான 'தொமத்ல்' என்பது 'தொமாத்தே' ஆயிற்று. வெண்ணெய்ப்பழமான 'அவாகத்ல்' என்பது 'அகுவகாத்தே' ஆயிற்று. பலியகாத்தேயும் அகுவகாத்தேயும் ஒரே ஓசையில் முடிகின்றன. நம் 'காடு' போர்த்துகீசியர் வாயில் 'காத்தே' ஆகி, அங்கே போய்ச் சேர்ந்தபோது அந்நாட்டுச் சொற்களின் வரிசையில் இயல்பாக உட்கார்ந்துவிட்டது.

இந்தக் கதை நிற்காது என்று சொல்ல மூன்று சான்றுகள் உண்டு. நாவாட்டலிலும் தமிழைப் போலத் தொகைச்சொல்லின் தலைமைப் பொருள் கடைசியில் வரும். நிறமும் மூக்கும் சேர்ந்தால் அது ஒரு வகை மூக்கு, துணி ஆகாது. அன்மொழித்தொகையாகக் கொண்டாலும் வண்ணமூக்குடைய ஆளைத்தான் குறிக்கும். அடுத்து, 'த்லபல்லி' என்பதன் முதல் எழுத்துகள் ஏன் மறைந்தன என்பதற்கு விளக்கம் இல்லை. எல்லாவற்றையும்விட வலுவானது காலம். பார்போசா நம் ஊரைப் 'பலெயகாத்தே' என்று எழுதியது 1516-ஐ ஒட்டி. எர்னான் கொர்த்தேஸ் மெக்சிகோக் கரையில் இறங்கியது 1519-இல். நாவாட்டல் என்ற மொழியை ஐரோப்பியர் அறியும் முன்பே இந்தச் சொல் இந்த வடிவத்தில் வங்கக்கடல் ஓரத்தில் எழுதப்பட்டுவிட்டது. சொற்பிறப்பு ஆய்வில் ஒலி ஒப்புமை ஆளைச் சந்தேகிக்க வைக்கும், அவ்வளவுதான். தீர்ப்பு சொல்வது ஆவணத்தின் தேதி.

ஆனாலும் மெக்சிகோக்காரர்கள் அதைத் தங்களுடையது என்று நினைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. விடுதலைப் போரை நடத்திய பாதிரியார் ஹொசே மரியா மொரேலோஸ் தலையில் துணி கட்டிய கோலத்தில்தான் அந்நாட்டு மக்களுக்கு அறிமுகம். அவருடைய தலைவலிக்காகக் கட்டியது என்று சொல்வார்கள். 50 பெசோ நோட்டில் பல ஆண்டுகள் அந்த முகம் இருந்தது. அவரை 1815 டிசம்பரில் சுட்டுக் கொன்றார்கள். மணிலாக் கப்பல் வணிகம் முடிந்ததும் அதே ஆண்டில்தான். சொல்லைக் கொண்டுவந்த வழி அடைபட்ட பிறகு அந்தச் சொல் முழுக்க மெக்சிகோவின் சொல்லாயிற்று. 1994-இல் சியாப்பாஸ் மாநிலத்தில் எழுந்த சபாதிஸ்தாக்களில், அதாவது நில உரிமை கேட்ட பழங்குடி மக்களில், பலர் முகத்தை மறைத்துக் கட்டியதும் சிவப்புப் பலியகாத்தேதான்.

சரி, பழவேற்காட்டின் கட்டம் எப்படி மெக்சிகோவில் அச்சிட்ட உரு ஆயிற்று? இங்கேதான் ஸ்காட்லாந்து வருகிறது. இந்தியக் கைக்குட்டைகளுக்கு ஐரோப்பாவில் இருந்த கிராக்கியைப் பார்த்து கிளாஸ்கோ வட்டாரத்தில் அவற்றைப் போலவே நெய்து 'புல்லிகேட்' என்ற பெயரிலேயே விற்றார்கள். 1785-இல் பாப்பியோன் என்ற பிரெஞ்சுச் சாயக்காரரைக் கொண்டு ஜார்ஜ் மெக்கின்டாஷும் டேவிட் டேலும் டால்மார்னாக்கில் 'துருக்கிச் சிவப்பு'ச் சாயப்பட்டறை தொடங்கினார்கள். அதன் செய்முறையைப் படித்தால் நம் சாயக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள்: எண்ணெய், சாணம், படிகாரம், அலிசரின் உள்ள வேர். சாயவேருக்குப் பதில் மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த மேடர் வேர், அவ்வளவுதான் மாற்றம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹென்றி மான்டீத்தின் ஆலை ஒரு படி மேலே போயிற்று. சிவப்புத் துணிகளை மடித்து அடுக்கி, உருக்கள் வெட்டிய ஈயத் தகடுகளுக்கு நடுவே இறுக்கி, துளைகள் வழியே குளோரின் நீரைப் பாய்ச்சினார்கள். துளைக்கு நேரே இருந்த சிவப்பு மட்டும் வெளுத்து வெள்ளை உரு விழுந்தது. சிவப்புப் பின்னணியில் வெள்ளைப் புள்ளிகள் என்ற கைக்குட்டைக் கோலம் இப்படி ஆலைச் சரக்காகி உலகெங்கும் மலிந்தது. கட்டம் போய் அச்சு வந்தது. தறி போய் ஆலை வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. பொருள் மாறினாலும் பெயர் நீடிப்பது சொற்களுக்கு உள்ள வழக்கம்தான். 1869-இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் கிரேபும் லீபர்மானும் செயற்கை அலிசரினுக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஆய்வகத்தில் உருவான முதல் இயற்கைச் சாயம் அது. அதற்குப் பிறகு சாயவேர் தோண்டிப் பிழைத்தவர்களின் தொழில் வேகமாக அழிந்தது.

மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் இந்தக் கட்டத்துணி போயிற்று. அங்கே பழவேற்காட்டின் பெயர் ஒட்டவில்லை. நைஜீரியாவில் ஒரு வகைச் சென்னைத் துணிக்கு 'ஜார்ஜ்' என்று பெயர். சென்னையின் ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்தது என்கிறார்கள். வணிகம் எந்தத் துறையிலிருந்து போகிறதோ அந்தத் துறையின் பெயர் ஒட்டுகிறது. பழவேற்காட்டின் காலம் முடிந்து சென்னையின் காலம் வந்துவிட்டதை அந்தப் பெயரே சொல்கிறது. 1825-இல் டச்சுக்காரர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஏரியின் பெயருக்கும் ஒரு திருப்பம் உண்டு. வடகரைத் தெலுங்கர்கள் இதைப் 'பிரளய காவேரி' என்று சொல்லி வந்திருக்கிறார்கள். ச. வெம். ரமேஷ் அந்தப் பெயரிலேயே தெலுங்கில் கதைகள் எழுதியிருக்கிறார். காவேரி இங்கிருந்து வெகு தெற்கே ஓடுகிறது. பழவேற்காடு, பிரளய காவேரி என்று இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் ஒலி நெருங்குவது கேட்கும்: பழ–பிரள, வேக்காடு–காவேரி. மெக்சிகோவில் மூக்கு வந்து சேர்ந்ததைப் போலத்தான் இங்கே வெள்ளமும் ஆறும் வந்து சேர்ந்திருக்கின்றன என்று நான் கருதுகிறேன். மழைக்காலத்தில் ஏரி கரை கடந்து விரிவதைப் பார்த்தவர்களுக்குப் பிரளயம் பொருத்தமான சொல்லாகவே இருந்திருக்கும்.

இனி பழவேற்காட்டுக் குப்பங்களுக்கே வருவோம். படகுத்துறையில் நிற்கும் ஆண்களில் பலர் இடுப்பில் கட்டியிருப்பது கட்டம் போட்ட துணிதான். இரண்டு முனையையும் சேர்த்து மூட்டி, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருப்பார்கள். அதை அவர்கள் கைலி என்பார்கள், அல்லது லுங்கி என்பார்கள். லுங்கி, பாரசீக-உருது வழியாக வந்த சொல். தெற்கே போனால் சாரம். அது மலாயின் 'சாரோங்'. கைக்குட்டைக்குத் தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் லேஞ்சி என்று பெயர். அது போர்த்துகீசியரின் 'லென்சோ'. மலாய்க்காரர் இடுப்புத்துணிக்கு நம் ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டார். நாம் அவர் சொல்லை எடுத்துக்கொண்டோம். மெக்சிகோக்காரர் கைக்குட்டைக்கு நம் ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டார். நமக்கோ ஐரோப்பியச் சொல்.

பழவேற்காட்டில் மட்டும் அந்தத் துணிக்குப் பழவேற்காடு என்று பெயர் இல்லை. இருக்கவும் முடியாது. சின்னாளப்பட்டியில் யாரும் சேலையைச் சின்னாளப்பட்டி என்பதில்லை. காஞ்சிபுரத்துத் தறிக்காரர் தான் நெய்வதைப் பட்டு என்றுதான் சொல்வார். இடவாகுபெயர் பிறப்பதற்குத் தொலைவு வேண்டும். பொருள் வந்து, ஊர் வராத இடத்தில்தான் பெயர் துணியின் மேல் ஒட்டிக்கொள்ளும். அந்த ஊரைக் கண்ணால் பார்க்காதவர்கள்தான் அதைக் கட்டிக்கொண்டு திரிய முடியும்.

தறிகள் இந்தக் கரையை விட்டுப் போய்விட்டன. லுங்கி இப்போது குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் நெய்யப்பட்டு, மீனவர் கைக்குக் கடை வழியாக வருகிறது. டச்சு நிறுவனம் எழுதிவைத்த சோழமண்டலப் பதிவுகளில் ஒரு பகுதி எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. எந்தக் கட்டத்தை எந்தத் தீவுக்கு எத்தனை கட்டு ஏற்றினார்கள் என்பது போன்ற கணக்குகளைத் தேட வேண்டிய இடம் அது. பழைய டச்சு மொழி கற்று அவற்றைப் படிக்கும் தமிழ் மாணவர்கள் மிகக் குறைவு. கோட்டைக்குப்பத்துப் பள்ளிப் பிள்ளை ஒன்று அந்தப் படிப்புக்குப் போக வேண்டும் என்று நான் மெய்யாகவே விரும்புகிறேன். நெசவாளிகளின் பெயர்கள் எங்காவது எழுதப்பட்டிருந்தால், அவை அந்தத் தரகர் கணக்குகளில்தான் இருக்கும்.